கடிகார மணியோசையைத் தணிக்க: டேப்பா, குமிழா, ரெசிஸ்டரா?

எங்கள் கூடத்தில் மாட்டியிருப்பது செல்லில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரம். மணிக்கொரு முறை வெஸ்ட்மின்ஸ்டர் மெட்டின் 16 சுரங்களையும் வாசித்துவிட்டு, மணி எத்தனையோ அத்தனை அடி அடிக்கும். பகலில் கேட்க அவ்வளவு நன்றாக இருக்கும். ராத்திரியில் அதே சத்தம் தொட்டிலில் தூங்கும் குழந்தையை எழுப்பிவிடும். நிறுத்திவிடலாமென்றால் அம்மாவுக்கு மனசில்லை. நடுராத்திரி விழிப்பு வந்தால் லைட் போடாமல், அடியை எண்ணித்தான் மணி என்னவென்று தெரிந்துகொள்வார்.

ஆகவே மணி நிற்கக் கூடாது, தணிய வேண்டும். இருட்டானதும் தானாக அடங்கும் சென்சார் வைத்த கடிகாரத்துக்கு மாறலாம் என்ற யோசனை அதனாலேயே அடிபட்டுப்போனது. அது மணியை மொத்தமாக நிறுத்திவிடும்.

சுலபமான வழி, ஸ்பீக்கர் துளைகள்மேல் டேப் ஒட்டுவது. செலவில்லை, சால்டரிங் வேண்டாம், பிடிக்கவில்லையென்றால் பிய்த்துவிடலாம். ஆனால் மேல்ஸ்தாயி மழுங்கி, மணி கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். செல் செலவும் குறையாது. பஞ்சை அடைத்தால் அது ஸ்பீக்கர் தாளில் பட்டுக் கரகரக்கும். வாடகை வீட்டுக்கு ஒரு வாரம் வந்திருக்கும் விருந்தாளிக்காக என்றால் டேப் போதும். நிரந்தரமாக வைக்க எனக்கு மனம் வரவில்லை.

செல்லின் வோல்டேஜைக் குறைத்துப் பார்க்கலாமே என்பார்கள். வேண்டாம். சில சிப்களில் வோல்டேஜ் இறங்கினால் சுருதியும் இறங்கிவிடும்.

மிச்சமிருப்பது ஸ்பீக்கர் வயரில் கைவைப்பதுதான். மெட்டு வாசிக்கும் சிப், போர்டில் கறுப்புப் பொட்டாக மூடியிருக்கும். அதற்குள் போக வழியில்லை. அங்கிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயரில் ஒன்றை வெட்டி, நடுவில் மின்தடையைச் சேர்க்க வேண்டும். தடையின் எந்த முனையையும் செல்லின் நெகட்டிவில் இணைத்துவிடாதீர்கள். சில போர்டுகளில் இரண்டு வயருமே சிக்னல் வயர், சிப் போய்விடும்.

அந்தத் தடை, குமிழைத் திருகி அளவைக் கூட்டிக் குறைக்கும் ‘பாட்’ (பொட்டென்ஷியோமீட்டர்) ஆக இருக்கலாம், அளவு மாறாத ரெசிஸ்டராக இருக்கலாம். கையிலிருந்த 10,000 ஓம் பாட்டைத்தான் முதலில் போட்டேன். குமிழை மயிரிழை நகர்த்தினாலே சத்தம் காணாமல் போய்விட்டது. காரணம் எளிது: ஸ்பீக்கர் வெறும் 8 ஓம், நமக்கு வேண்டியதெல்லாம் முதல் 100 ஓமுக்குள் முடிந்துவிடுகிறது. 100 ஓம் வயர்வுண்ட் (கம்பி சுற்றிய) பாட் வாங்குங்கள். கார்பன் பாட்டில் குமிழ் கடைசி முனைக்கு அருகே வரும்போது, மொத்தக் கரண்டும் அந்தச் சின்னத் துண்டு வழியே ஓடி அதைக் கருக்கிவிடும்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 8 ஓம் சேர்த்தால் ஸ்பீக்கருக்குப் போகும் சக்தி கால்பங்காகும். காதுக்கோ கொஞ்சம் குறைந்த மாதிரிதான் இருக்கும். 22 ஓமில் சக்தி 14இல் ஒரு பங்கு; அப்போதுதான் சத்தம் ஏறக்குறைய பாதியாகத் தோன்றும். 68 ஓமில் 90இல் ஒரு பங்கு. சுரம் கெடுவதில்லை, செல்லும் கூடுதல் நாள் வரும்.

சாவி கொடுக்கும் பழைய கடிகாரத்துக்கு இதெல்லாம் பொருந்தாது. சுத்தியல் முகத்தில் மெல்லிய தோல் துண்டு ஒட்டுங்கள். அடித்தபின் சுத்தியல் கம்பியைத் தொட்டபடி நிற்கக் கூடாது. நின்றால் நாதம் செத்துவிடும்.

நான் பாட்டை வைத்துக்கொள்ளவில்லை. ஆணியில் உயரத்தில் தொங்கும் கடிகாரத்தின் முதுகில் இருக்கும் குமிழை தினமும் யார் திருகுவார்கள்? சரியான அளவைக் கண்டுபிடிக்க மட்டும் அது உதவியது. ராத்திரி அம்மாவைப் படுக்கவைத்து, குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, “இப்போ கேக்குதாம்மா?” என்று கேட்டுக்கேட்டு நிறுத்தினேன். பிறகு மல்டிமீட்டரில் அளந்தேன். 70 ஓமுக்குச் சற்றுக் குறைவு. அந்த இடத்தில் 68 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு, அதன் இரு முனைக்கும் குறுக்கே ஒரு ஸ்லைடு சுவிட்ச். சுவிட்சை ஆன் செய்தால் ரெசிஸ்டர் விலகி முழுச் சத்தம்.

சுவிட்சைக் கடிகாரத்தின் அடிப்பக்கம் பதித்தேன், அம்மாவின் கைக்கு எட்டும்படி. பகல் பக்கம் எதுவென்று தெரிய, தன் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை அவரே அங்கே ஒட்டிவைத்திருக்கிறார்.