அம்மாட கண்ணுக்கு ஒரே ஒப்பரேஷன்ல ரெண்டு வேலை, திருகோணமலை கிளினிக் ஒண்டில

அம்மாவுக்கு வலது கண்ணில கற்றரக்டும் (கண்புரை) இருந்தது, குளுக்கோமாவும் (பெரும்பாலும் கண் பிரஷர் கூடி பார்வை நரம்பு பழுதாகுற வருத்தம்) இருந்தது. சொட்டு மருந்து மாத்தி மாத்தி விட்டும் கண் பிரஷர் இறங்கவே இல்ல (சாதாரணமா 10 இலிருந்து 21க்குள்ள இருக்கணும்), அதால ரெண்டையும் சேர்த்தே செய்வம் எண்டு டொக்டர் சொன்னார்.

எனக்கு இவங்கள்ல பிடிச்சதே முதல்லயே உண்மையச் சொன்னதுதான். "அம்மா, புரையால மங்கினது தெளியும், ஆனா குளுக்கோமாவால நரம்பு செத்து போன பார்வை திரும்பி வராது, மிச்சத்தக் காப்பாத்தத்தான் இது" எண்டு அம்மாட முகத்தப் பார்த்தே சொன்னார். ஏன் சேர்த்து எண்டு கேட்டதுக்கும் பொறுமையா விளக்கினார், பிரஷருக்கு முதல் செய்துட்டு கற்றரக்ட பிறகு எடுத்தா தண்ணி வடிய முதல் போட்ட வழி அடைபடப் பார்க்குமாம், சேர்த்து செய்தா கண்ணுக்கு ஒரே தரம்தான் விறைப்பு ஊசி, ஆனா தனியா செய்யுற அளவுக்கு பிரஷர் இறங்காமலும் போகலாம் எண்டதையும் மறைக்கல்ல. வருத்தம் ஆரம்பத்தில இருக்கிற ஆக்களுக்கு இவ்வளவு வெட்டு தேவையில்லையாம், லென்ஸ் மாத்தேக்க தண்ணி வடிய குட்டி ஸ்டென்ட் (சின்னக் குழாய்) ஒண்டு வைக்கிற முறையும் இருக்காம்.

அம்மாவுக்கு செய்தது மங்கின லென்ஸ சின்ன வெட்டுக்குள்ளால உடைச்சு உறிஞ்சி எடுத்துட்டு செயற்கை லென்ஸ் வச்சது, பிறகு கண்ணின்ட வெள்ளையில மேல் இமைக்குக் கீழ ஒரு வழி திறந்து உள்ளுக்கு இருக்கிற தண்ணி வடிய விட்டது. அந்த இடத்தில சின்னக் கொப்புளம் மாதிரி நிக்கும், அது அப்பிடியே இருக்கணும், கண்ணக் கசக்கவே கூடாது.

ஒப்பரேஷன் முடிஞ்சா வேலை முடிஞ்சுது எண்டு நினைக்காதீங்க. முதல் கிழமைகள்ல அடிக்கடி பிரஷர் பார்க்கணும், தேவையெண்டா லேசரால தையல் லூசாக்குவாங்க, மூதூர் கிண்ணியா பக்கமிருந்து வாறவங்க இந்த அலைச்சலுக்கு ஆள் ஒழுங்கு பண்ணிட்டே நாள் எடுங்க. நிலாவெளிக் கடல், கன்னியா கிணறு எதிலயும் டொக்டர் ஓம் எண்ணும் வரைக்கும் குளிப்பில்ல. மிஸ்ஸிமார் (நர்ஸ்மார்) தங்கமான ஆக்கள், சொட்டு மருந்து விடுற நேரத்த தமிழிலயே எழுதித் தந்தாங்க.

குறை எண்டா காத்திருக்கிற இடம்தான், வயசான ஆக்கள் நிக்கிறாங்க கதிரை காணாது, காத்தும் இல்ல. பில்லில லென்ஸுக்கு எவ்வளவு எண்டதும் நாங்க கேட்ட பிறகுதான் பிரிச்சுச் சொன்னாங்க, முதல்லயே கேட்டுக்கொள்ளுங்க.

அம்மா இப்ப பேப்பர் வாசிக்கிறா. ஓரப் பார்வை முந்தின மாதிரியே குறைவுதான். பரம்பரையிலயும் வரும் எண்டதால நானும் தம்பியும் பிரஷர் செக் பண்ணிட்டம், வீட்டில ஆருக்கும் குளுக்கோமா இருந்தா நீங்களும் போய்ப் பாருங்க. செய்த கண் பிறகு எப்ப சிவந்தாலும் நொந்தாலும் அண்டைக்கே போயிடணும், அந்த வழியால கிருமி உள்ளுக்கு போகலாமாம்.