மரநார்ப் பலகை: மூன்று குளிர்காலம் கழித்து

எங்கள் படுக்கையறையின் வடக்குச் சுவர் ஒன்பது அங்குலச் செங்கல். சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய பழைய சுவர், நடுவில் காற்றுக்கு இடைவெளி எதுவும் விடாதது. குளிர்காலத்தில் அதில் முதுகு பட்டால் தூக்கம் கலைந்துவிடும். அலமாரியை நகர்த்தினால் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை. என் மனைவி வருஷம் தவறாமல் துடைப்பார், அதுவும் வருஷம் தவறாமல் திரும்பி வரும்.

அந்தச் சுவரின் உள்பக்கம், சூடு வெளியே போகாமல் காக்க, 60 மில்லிமீட்டர் மரநார்ப் பலகை (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஒட்டி, மேலே சுண்ணாம்புப் பூச்சு பூசினோம். மூன்று குளிர்காலம் ஓடிவிட்டது. பலகையைப் பற்றி எனக்குப் பெரிய புகார் கிடையாது. விற்கும்போது சொல்லாமல் விட்ட விஷயங்கள்தான் இன்னும் உறுத்துகின்றன.

முதலில் வந்து பார்த்தவர் தெர்மாகோல் ஒட்டிவிடலாம், மலிவு, ஒரே நாளில் முடிந்துவிடும் என்றார். எனக்கும் ஆசைதான். வெப்பத்தைத் தடுப்பதில் இரண்டுக்கும் அப்படியொன்றும் தூரமில்லை. மரநார்ப் பலகையின் வெப்பக் கடத்துதிறன் (குறையக் குறைய நல்லது) மீட்டருக்கு, டிகிரிக்கு 0.04 வாட்டை ஒட்டி இருக்கும், தெர்மாகோல் அதைவிடக் கொஞ்சம் குறைவு. வித்தியாசம் ஈரத்தில் இருக்கிறது. உள்பக்கம் இப்படி வெப்பக் காப்பு போட்டதும், வீட்டுச் சூடு எட்டாமல் செங்கல் முன்னைவிட அதிகமாகக் குளிரும். மழையில் நனைந்தால் காய்வதும் மெதுவாகும். அந்த நேரத்தில் ஈரம் உள்பக்கமாகவாவது வெளியேற வேண்டும். மரநார்ப் பலகை நீராவிக்குக் காட்டும் தடை, அதே தடிமன் காற்றைப்போல மூன்று முதல் ஐந்து மடங்குதான். தெர்மாகோலுக்கு அது பல பத்து மடங்கு. போதாததற்கு, மரநார் ஈரத்தை உறிஞ்சிப் பரப்பி மெல்ல விட்டுவிடும். தெர்மாகோலுக்கு அந்தப் பழக்கமே இல்லை.

‘மூச்சு விடும் சுவர்’ என்ற பேச்சைக் கேட்டு என் மைத்துனர், அப்படியானால் காற்று உள்ளே வருமே, குளிராதா என்று கேட்டார். காற்று வராது, வரவும் கூடாது. ஆவி மட்டும்தான் நகரும். காற்றைத் தடுப்பது மேலே இருக்கும் பூச்சின் வேலை. அதனால் தரை ஓரத்திலும் கூரை ஓரத்திலும் பூச்சு விட்டுப்போகாமல் பார்க்க வேண்டும்.

பலகை ஒட்ட ஆன நாட்கள் நான்கு. அதற்கு முன்னால் சுவரைத் தயார் செய்ய ஆனது இரண்டு மாதம். கையேட்டில் இதற்கு ஒரே வரி: ‘சுவர் உலர்ந்திருக்க வேண்டும்.’ சரி, எப்படி உலரும்? கூரை ஓர மழைநீர்க் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. வெளிப்பக்கச் செங்கல் இடுக்குகளில் முன்பு யாரோ சிமென்ட் அடைத்திருந்தார்கள். ஈரம் சாந்து வழியாக வெளியேற முடியாமல் செங்கல் வழியாகவே வந்து, முகம் பொரிந்து உதிர்ந்திருந்தது. தோட்டத்து மண் வீட்டுத் தரை மட்டத்துக்கு மேலே ஏறியிருந்தது. உள்ளே சிமென்ட் பூச்சு, அதன்மேல் நாலைந்து அடுக்கு பிளாஸ்டிக் பெயின்ட். எல்லாவற்றையும் உளி வைத்துக் கொத்தி எடுத்தோம். சில இடங்களில் சிமென்ட்டோடு செங்கல் முகமும் சேர்ந்து வந்தது. ஓதம் அடித்த சுவரின் மேல் பலகையை ஒட்டினால் நோயை மூடிவைத்த மாதிரிதான்.

வெறும் செங்கல் தெரிந்ததும் மேடுபள்ளம் மறைய ஒரு கை சுண்ணாம்புச் சாந்து பூசி, அது காயக் காத்திருந்து, அப்புறம்தான் பலகை. இங்கேதான் எனக்குச் சண்டை வந்தது. பலகையின் பின்பக்கம் முழுக்கச் சாந்து தடவி, சுவரோடு இடைவெளியே இல்லாமல் அழுத்த வேண்டும். வேலைக்கு வந்தவர்கள் ஜிப்சம் பலகை ஒட்டிப் பழகியவர்கள். அங்கங்கே உருண்டை உருண்டையாக வைத்து ஒட்டிவிட்டார்கள். நான் தட்டிப் பார்த்தேன், டொக் டொக்கென்று வெற்றிடச் சத்தம். அந்த இடைவெளிக்குள் அறையின் ஈரக்காற்று புகுந்தால் குளிர்ந்த செங்கலில் நேராகத் தண்ணீராகிவிடும். “அண்ணே, இதெல்லாம் யார் பார்க்கப்போறாங்க?” என்றார் ஒருவர். நான்கு பலகைகளைப் பிடுங்கினோம், இரண்டு உடைந்தன. அந்த நட்டம் என் கணக்கில்.

பலகையோடு வேலை செய்வது சுகம்தான். நீளப் பல் கத்தியாலோ மர ரம்பத்தாலோ அறுக்கலாம். பொருந்து விளிம்பு இருப்பதால் ஒன்றுக்குள் ஒன்று அமர்ந்துவிடும். ஆனால் தூள் மாவு மாதிரி பறக்கும், முகமூடி இல்லாமல் அறுக்காதீர்கள். ஜன்னல் நிலையின் பக்கவாட்டுக்கு 20 மில்லிமீட்டர் மெல்லிய பலகை தனியாக வாங்க வேண்டும். அங்கே விட்டுவிட்டால் பூஞ்சை இடம் மாறி அங்கே வந்து உட்காரும்.

சுண்ணாம்புப் பூச்சு இரண்டு கை. முதல் கையில் வலை பதிக்க வேண்டும். ஜன்னல் மூலையில் சாய்வாக ஒரு துண்டு வலை கூடுதலாக வைக்கச் சொல்லியிருந்தார்கள். அவசரத்தில் ஒரு மூலையில் மறந்துவிட்டோம், இன்றைக்கும் அங்கே மயிரிழை விரிசல் இருக்கிறது. 5 டிகிரிக்குக் கீழே போனால் பூசக் கூடாது என்பதால் குளிர் வருவதற்குள் முடிக்க ஓடினோம். கோடையிலேயே ஆரம்பித்திருக்கலாம். மேலே சிலிக்கேட் பெயின்ட், ஆவியை மறிக்காத வகை. மைத்துனர் தன் வீட்டில் மிஞ்சிய பிளாஸ்டிக் பெயின்ட் இரண்டு வாளி தருவதாகச் சொன்னார். அதைத் தடவினால் இத்தனை பாடும் வீண் என்று அவருக்குப் புரியவைக்க ஒரு மாலை முழுதும் ஆனது.

பலன்? வெளியே 2 டிகிரி, அறைக்குள் 20 என்றிருக்கும் நாளில் சுவரின் மேல்பரப்பு முன்பு 15ஐத் தாண்டாது, இப்போது 18க்குக் குறைவதில்லை. அகச்சிவப்பு வெப்பமானி வைத்து நானே அளந்தது. அலமாரிக்குப் பின்னால் மூன்று வருஷமாகப் பூஞ்சை இல்லை. 100 மில்லிமீட்டர் போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்குமே என்று கேட்பார்கள். உள்பக்கத்தில் தடிமன் கூடக் கூட வெளிச்செங்கல் அதிகம் குளிர்ந்து, காய்வது மந்தமாகும். எனக்கு 60 போதும்.

அறை எட்டு சென்டிமீட்டர் சுருங்கியது. சுவிட்ச் பெட்டிகளை எல்லாம் முன்னுக்கு இழுக்க வேண்டிவந்தது. கனமான அலமாரித் தட்டு மாட்டுவதாக இருந்தால் அந்த இடத்தில் முன்கூட்டியே கட்டை பதித்துவையுங்கள், வெறும் பலகை தாங்காது. பூச்சில்லாத மரநார் தீப்பிடிக்கும். புகைபோக்கிப் பக்கம் கொண்டுபோகவில்லை.

மேல்மாடத்துக்கு வெப்பக் காப்பாக ஆட்டு ரோமக் கம்பளி வாங்கினேன். அது வேறு கதை, ஒரு மதியத்தில் முடிந்துவிட்டது, கை அரிக்கவில்லை. அந்து அரிக்காமலிருக்கப் பக்குவம் செய்ததா என்று கேட்டு வாங்குங்கள். நான் செய்த தப்பு, கூரை ஓரம்வரை இறுக்கித் திணித்துக் காற்றோட்டத்தை அடைத்தது. முதல் குளிரிலேயே கூரை ஆணிகளின் முனையில் நீர் சொட்டியது. ஓரத்தில் ஒரு கை அகலம் பின்னுக்கு இழுத்தேன், நின்றுவிட்டது.

மாடிப்படி ஓரச் சுவர் இன்னும் பாக்கி. வெளியே சிமென்ட்டைப் பெயர்த்துச் சுண்ணாம்பு அடைத்தாயிற்று. கீழ் நான்கு வரிசைச் செங்கல் மட்டும் இன்னும் ஈரத்தில் கறுத்தே இருக்கிறது. அது வெளுக்கும்வரை பலகைக்கு ஆர்டர் கொடுக்கப்போவதில்லை.