சாய்த்து அழுத்துவதா, விரித்து அழுத்துவதா? என் குவில்ட் அனுபவம்

துண்டுத் துணிகளை இணைத்துக் குவில்ட் தைக்கிறவர்கள் இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுக்கும்போதே ஒன்றை முடிவு செய்துவிட வேண்டும்: மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்து மெஷினில் எந்த மாதிரி தைக்கப் போகிறோம்? இதைக் கடைசியில் யோசித்துப் பயனில்லை. பின்பக்க மடிப்பு, அதாவது இரண்டு துண்டுகளை இணைக்கும் தையலுக்கு வெளியே விட்ட ஓரத்துணி, ஏதோ ஒரு பக்கம் சாய்ந்து படிந்துபோயிருக்கும், ஊசி அதற்குக் கட்டுப்பட்டுத்தான் ஓடும். மடிப்பை ஒரே பக்கமாகச் சாய்த்தது, இரு பக்கமும் விரித்துப் படியவைத்தது என இரண்டு வகைப் போர்வைகளும் எங்கள் வீட்டில் வருடக்கணக்காகப் புழங்கி, துவைபட்டு வருகின்றன. எனக்கு எது ஒத்துவந்தது என்று சொல்கிறேன்.

முதலில் நாலு கட்டம் சந்திக்கும் முனை. வரிசைக்கு வரிசை மடிப்பை எதிரெதிர்ப் பக்கம் சாய்த்தால் இரண்டு மடிப்பும் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும், குண்டூசியே இல்லாமல் முனை சரியாகப் பொருந்தும். அந்தச் சுகத்துக்கு விலை உண்டு. இரண்டு வரிசையை இணைக்கும் கடைசித் தையலின் மடிப்பையும் ஒரு பக்கமாகச் சாய்த்த பிறகு அந்த முனையில் எண்ணிப் பாருங்கள்: ஒரு மூலையில் 7 அடுக்குத் துணி, பக்கத்தில் 5, எதிர்ப்பக்கம் 3, 1. எல்லாவற்றையும் விரித்து அழுத்தினால் நாலு மூலையிலும் 4 அடுக்குதான். மொத்தம் ஒன்றே, மேடு மட்டும் இல்லை. எட்டு முனை கூடும் நட்சத்திரத்திலும் காற்றாடியிலும் இந்த வித்தியாசம் விரலுக்கே தெரியும். மெஷினில் துணியை நகர்த்தும் பல்லை இறக்கிவிட்டு, துணியைக் கையால் நகர்த்திப் பூவும் கொடியும் போடும்போது துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட் அந்த மேட்டில் இடித்து நிற்கும், தையல் விட்டுவிட்டு விழும். கொஞ்சம் தடித்த 90/14 ஊசி போட்டு, அந்த இடத்தில் மட்டும் சக்கரத்தைக் கையால் சுற்றிக் கடப்பேன்.

அப்படியானால் எல்லாவற்றையும் விரித்துவிடலாமே என்றால், அங்கேதான் சிக்கல். இணைப்புக் கோட்டின் பள்ளத்திலேயே தைக்க நினைப்பவர்கள் விரிக்கவே வேண்டாம். ஒரு பக்கம் சாய்ந்த மடிப்பில் ஒரு பக்கம் உயரம், மறுபக்கம் தாழ்வு. தாழ்ந்த பக்கத்தை ஒட்டி ஊசியை ஓட்டினால் தையல் கண்ணுக்கே தெரியாது. விரித்த மடிப்பில் ஊசி இறங்கும் இடத்தில் துணி கிடையாது, இணைப்பு நூல் மட்டும்தான். ஊசி அந்த நூலையே குத்தி அறுக்கும். எங்கள் வீட்டில் அப்படித் தைத்த போர்வை பல துவைப்புக்குப் பிறகு இரண்டு மூன்று இடத்தில் வாய் பிளந்து, பாலியெஸ்டர் பஞ்சின் இழை வெளியே எட்டிப் பார்க்கிறது. விரிப்பதாக இருந்தால் இணைப்புத் தையலின் நீளத்தை வழக்கமான 2.5 மி.மீ.யிலிருந்து 2க்குக் குறைத்துவிடுவேன், பள்ளத்தை விட்டு விலகித்தான் தைப்பேன்.

சாய்த்த மடிப்புக்கும் தொல்லை உண்டு. வரிசைக்கு வரிசை திசை மாறுவதால் தாழ்ந்த பக்கமும் கட்டத்துக்குக் கட்டம் இடம் மாறும். மேல்துணியையும் அடித்துணியோடு சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் போட்டு மேலிருந்து கீழே ஒரே கோடாக வரும்போது, ஒவ்வொரு முனையிலும் ஊசி ஒரு நூலிழை அளவு தாவ வேண்டும். கோட்டிலிருந்து கால் அங்குலம் தள்ளித் தைக்கலாம் என்றால், உள்ளே இருக்கும் மடிப்பின் விளிம்பும் கால் அங்குலத்தில்தான் முடிகிறது. ஃபுட் பாதி மேலே, பாதி கீழே என்று தள்ளாடும். நான் 1 செ.மீ. தள்ளிப் போடுகிறேன். கோடும் நேராக வருகிறது.

துணியையும் பார்க்க வேண்டும். பாரிமுனையில் கோடவுன் தெருவில் எடுக்கும் பாப்ளினுக்குக் கால் அங்குல மடிப்பு போதும். நெசவு நெகிழ்வாக இருக்கும் கைத்தறியை அவ்வளவு ஒட்டித் தைத்து விரித்தால் பிசிறு பிரிந்து தையல் வரைக்கும் வந்துவிடும், அதற்கு 1 செ.மீ. விட்டு ஒரு பக்கம் சாய்த்தே ஆக வேண்டும். வெள்ளை ஓரத்துக்குப் பக்கத்தில் கறுப்போ கருநீலமோ வந்தால் மடிப்பைக் கறுப்புப் பக்கம் சாய்ப்பது கட்டாயம், இல்லாவிட்டால் நிழல் தெரியும். நடுவில் பஞ்சுக்குப் பதில் பழைய வேட்டி வைத்துத் தைப்பவர்கள் கவனிக்க: தடித்த பஞ்சு மறைக்கும் மேட்டை வேட்டி மறைக்காது.

அழுத்துவது என்பது தேய்ப்பது இல்லை. எங்கள் தெருவில் கரிப்பெட்டி வைத்திருக்கும் இஸ்திரிக்கார அண்ணன், "இழுக்காதீங்கக்கா, வெச்சு எடுங்க" என்பார். நெசவுக்கு மூலைவாட்டில் வெட்டிய முக்கோணத்தை இழுத்துத் தேய்த்தால் அது நீண்டுவிடும், பிறகு எந்த மெஷினும் அதைச் சமமாக்காது. தைத்தவுடன் மடிப்பை மூடியபடியே ஒருமுறை அழுத்தி, பிறகு திறந்து சாய்க்கிறேன். சென்னைக் காற்றில் ஆவி போட்ட மடிப்பு சீக்கிரம் காயாது, சூடு இறங்குவதற்குள் எடுத்தால் மறுபடி எழும்பிக்கொள்ளும். தச்சரிடம் கேட்டு வாங்கிய வழுவழுப்பான மரக்கட்டையை மேலே வைத்து ஆறவிடுகிறேன். ஆவியே தேவைப்படாத அளவுக்கு அந்தக் கட்டை வேலை செய்கிறது. கஞ்சி போட்டாலும் மடிப்பு அருமையாகப் படியும், ஆனால் தைத்து முடித்ததும் அலசிவிட வேண்டும். அலசாமல் மழைக்காலத்தில் அலமாரியில் வைத்தால் வெள்ளிப்பூச்சிக்கு விருந்து.

வருடங்கள் போனதில் இன்னொன்று தெரிந்தது. சாய்த்த மடிப்பின் மேட்டில்தான் சாயம் முதலில் வெளுக்கிறது, விரித்த போர்வையில் அப்படி இல்லை. இருந்தும் தினசரிப் போர்வைக்கு இப்போது ஒரு பக்கமாகத்தான் சாய்க்கிறேன். நாலு கட்டம் கூடும் முனையில் மட்டும் மடிப்புக்குள் இருக்கும் ஓரிரு தையலைப் பிரித்து, நாலு மடிப்பும் ஒரே சுற்றில் சுழன்று படியும்படி விட்டுவிடுகிறேன். 7 அடுக்கு அங்கே 4 ஆகிவிடுகிறது, பள்ளமும் கிடைக்கிறது. சுவரில் தொங்கவிடும் நட்சத்திர வேலைக்கு மட்டும் மடிப்பை விரித்து அழுத்துகிறேன்.