நிணநீர் வீக்கத்துக்கு அழுத்தக் கட்டு: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

இடது காலில் உள்ள நிணநீர் வீக்கத்தை, அதாவது நிணநீர் சரியாக வடியாமல் தேங்குவதால் வரும் வீக்கத்தை, கட்டுக்குள் வைப்பதற்காகப் பல ஆண்டுகளாகக் கம்ப்ரெஷன் பேண்டேஜ் எனும் அழுத்தக் கட்டைச் சுற்றி வருகிறேன். வீக்கம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. இது அப்படி மறையக்கூடிய நோயும் அன்று. ஆயினும் காலின் கனம் குறைந்திருக்கிறது, இறுகிப்போயிருந்த தோல் இளகியிருக்கிறது, மாலை வேளையிலும் செருப்பு பொருந்துகிறது.

சுளுக்குக்குக் கட்டும் கிரேப் பேண்டேஜ் இதற்குப் போதாது. அதிகம் நீளும் எலாஸ்டிக் துணி, நாம் படுத்திருக்கும்போதும் விடாமல் அழுத்திக்கொண்டிருக்கும். குறைவாக நீளும் ஷார்ட் ஸ்ட்ரெட்ச் துணியோ ஓய்வில் மென்மையாக இருந்து, நடக்கும்போது கெண்டைக்கால் தசை புடைக்கையில் அதற்கு விட்டுக்கொடுக்காமல் நிற்கிறது. அந்த நெருக்கத்தில்தான் தேங்கிய நீர் மேல்நோக்கி நகர்கிறது. கட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்த நாள்களைவிட, நடந்தும் கணுக்காலை மடக்கி நீட்டியும் கழித்த நாள்களில் பலன் தெளிவாகத் தெரிந்தது. இந்த ஒன்றைத்தான் புதிதாகத் தொடங்குவோருக்கு நான் அழுத்திச் சொல்வேன்.

கட்டும் முறையை நிணநீர் வீக்கச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டிடம் நேரில் கற்றுக்கொள்வது நல்லது. முதலில் தோலுக்கு ஈரப்பதம் தரும் களிம்பு, அதன்மேல் பருத்திக் குழாய்த்துணி, எலும்பு துருத்தும் இடங்களில் பஞ்சுச் சுருள், அதன் பிறகே கட்டுத்துணி. பாதத்தைக் காலுக்குச் செங்குத்தாக மடக்கி வைத்து, விரல்களின் அடியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடுமாறு மேலே செல்ல வேண்டும். இழுவை ஒரே சீராக இருந்தாலே போதும். சுற்றளவு குறைந்த கணுக்காலில் அழுத்தம் மிகுந்தும், பருத்த கெண்டைக்காலில் குறைந்தும் தானாகவே அமையும். மேலே மட்டும் இறுகினால் நீர் கீழே தேங்கிவிடும்.

விரல்கள் நீலம் பாரித்தாலோ, மரத்தாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ உடனே அவிழ்த்துவிட வேண்டும். தொடங்கும் முன்பே கணுக்கால், கை ஆகிய இரண்டின் இரத்த அழுத்தத்தையும் ஒப்பிடும் சோதனை அவசியம்; கணுக்கால் அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்து வரும் விகிதம் 0.5-க்கும் கீழே இருந்தால் இத்தகைய கட்டைத் தவிர்க்கிறார்கள். இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் மருத்துவர் சம்மதமின்றித் தொடங்கக் கூடாது. ஒரு கால் திடீரென வீங்கி வலித்தால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம் என்பதால், கட்டுத்துணியைத் தேடாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். தோல் சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தாலும் அப்படியே.

குறைகளும் உண்டு. வெப்பமான நாள்களில் உள்ளே அரிக்கும்; சுற்றுவதற்குப் பொறுமை வேண்டும்; வழக்கமான காலணி நுழையாது. துணி தளர்ந்தால் துவைக்க வேண்டும். துவைத்ததும் அதன் இழுவை ஓரளவு மீளும், ஆனால் முறுக்கிப் பிழியாமல் விரித்து உலர்த்த வேண்டும்.

வீக்கம் குறைந்து அளவு நிலைத்த பிறகு, அளவெடுத்துத் தைத்த அழுத்தக் காலுறைக்கு மாறினேன். காலின் சுற்றளவைக் குறிப்பிட்ட இடங்களில், காலையில் எழுந்ததும் அளந்து குறித்து வருகிறேன். அது ஏறத் தொடங்கினால் காலுறையை நிறுத்திவிட்டுச் சில நாள்களுக்கு மீண்டும் கட்டுத்துணியைச் சுற்றுகிறேன்.