டெனோசுமாப் 60 மி.கி. ஊசி: எலும்பைக் காக்கும், வலியைத் தொடாது

முடக்குவாதத்துக்கு (மூட்டுகளைத் தாக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) டெனோசுமாப் ஊசியைப் போட்டுக்கொண்டவர்கள் அடிக்கடி சொல்லும் குறை, "வலி கொஞ்சம்கூடக் குறையலையே" என்பது. குறையாது. டெனோசுமாப் வலிக்கான மருந்தே அல்ல. வீக்கம், காலை விறைப்பு, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவு எதையும் அது மாற்றாது. எலும்பை அரிக்கும் செல்களை நிறுத்துவது ஒன்றுதான் அதன் வேலை. அந்த ஒரு வேலையை நன்றாகச் செய்கிறது.

மூட்டின் உட்சவ்வு தடித்து எலும்பின் மேல் படரும்போது, அந்தச் சவ்வின் செல்களும் நோய் எதிர்ப்புக்கான டி செல்களும் ரேங்க்-எல் என்ற புரதத்தை அள்ளி விடுகின்றன. டிஎன்எஃப், ஐஎல்-6, ஐஎல்-17 ஆகிய அழற்சிப் புரதங்கள் அதை இன்னும் தூண்டுகின்றன. ரேங்க்-எல் கிடைத்தால்தான் ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற எலும்பு கரைக்கும் செல் முதிர்ந்து வேலையைத் தொடங்கும். டெனோசுமாப் அந்தப் புரதத்தையே பிடித்து வைத்துக்கொள்கிறது. முதல் எலும்பு அரிப்பு பெரும்பாலும் குருத்தெலும்பு மூடாத மூட்டு விளிம்பில்தான் விழும். கால் சுண்டுவிரலின் அடிமூட்டை எக்ஸ்-ரேயில் பார்த்தால், எலி கொறித்ததுபோல ஓரம் போயிருக்கும். கை எக்ஸ்-ரே மட்டும் எடுத்தால் இதைத் தவறவிடுவோம்.

ஜப்பானில் 2017-லிருந்து முடக்குவாத எலும்பு அரிப்பைத் தடுக்கவே இதற்கு அனுமதி உண்டு. வேறு பல நாடுகளில் எலும்புப்புரைக்கும், ஸ்டீராய்டால் வரும் எலும்புத் தேய்மானத்துக்கும்தான் எழுதித் தருகிறார்கள். ஆய்வுகளில் அரிப்பு பரவும் வேகம் குறைந்தது. மூட்டு இடைவெளி சுருங்குவது மட்டும் குறையவில்லை. காரணம் எளிது: இடைவெளி சுருங்குவது குருத்தெலும்பு தேய்வதால். அதை இந்த ஊசி காப்பாற்றாது.

விழுந்த குழியை இது நிரப்பிவிடும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. அழற்சி இருக்கும்வரை டிகேகே-1 போன்ற புரதங்கள் புது எலும்பு கட்டும் செல்களை அடக்கியே வைத்திருக்கும். வீக்கம் முழுக்க அடங்கிய மூட்டில்தான் கொஞ்சமாவது சீரமைப்பு தெரியும். குழியின் விளிம்பு எக்ஸ்-ரேயில் வெள்ளைக் கோடாகக் கெட்டிப்படும்; சில இடங்களில் குழி சற்றே சிறிதாகும், முழுக்க மூடுவது அபூர்வம். அதனால் முடக்குவாதத்தின் முக்கிய மருந்தான மெத்தோட்ரெக்ஸேட்டோ, அழற்சிப் புரதங்களைத் தடுக்கும் பயாலஜிக் மருந்தோ அழற்சியை அடக்கிக்கொண்டிருக்க, அதன் துணைக்குத்தான் இந்த ஊசி. அவற்றை நிறுத்திவிட்டு இதை மட்டும் போடுவது பயனில்லாத செலவு.

போட்டுக்கொள்வது சுலபம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, 60 மி.கி., மேல்கை, தொடை அல்லது வயிற்றில் தோலுக்கடியில். ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். உறையவிடக் கூடாது, குலுக்கக் கூடாது. போடுவதற்கு 15 முதல் 30 நிமிடம் முன்பு வெளியே எடுத்துத் தானாகக் குளிர் விட விடுங்கள். வெந்நீரில் வைத்துச் சூடாக்க வேண்டாம்.

ஊசிக்கு முந்தைய வேலைகள்தான் முக்கியம். ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி, சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்க்க வேண்டும். கால்சியம் குறைவாக இருந்தால் அதைச் சரிசெய்யாமல் ஊசி கிடையாது. போட்டபின் 10 நாள் வாக்கில் கால்சியம் இன்னும் இறங்கும்: வாயைச் சுற்றி மரத்துப்போவது, விரல் நுனியில் சுருசுருப்பு, தசைப்பிடிப்பு வந்தால் உடனே பரிசோதனை. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு இந்த ஆபத்து கடுமையானது. 2024-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இந்த ஆபத்துக்காகத் தன் மிகக் கடுமையான வகை எச்சரிக்கையைச் சேர்த்தது. பல் பிடுங்க வேண்டியிருந்தால் முதலிலேயே முடித்துவிடுங்கள், தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து அரிதென்றாலும் உண்டு. கர்ப்பிணிகளுக்கு அறவே கூடாது.

இந்த மருந்தின் பெரிய குறை, தேதி தவறினால் தண்டிக்கும் குணம். மருந்து உடலைவிட்டுப் போனதும், அடக்கி வைத்த ஆஸ்டியோகிளாஸ்ட்கள் ஒரே நேரத்தில் கிளம்பும். சேர்த்த எலும்பெல்லாம் வேகமாகப் போய், முதுகெலும்பில் ஒன்றுக்கு மேற்பட்ட முறிவுகள்கூட வரலாம். ஏழு மாதத்தைத் தாண்ட விடாதீர்கள். நிறுத்தத்தான் வேண்டுமென்றால், அடுத்த ஊசி விழ வேண்டிய சமயத்தில் சோலெட்ரோனிக் அமிலம் போன்ற மாற்று மருந்தை மருத்துவர் தொடங்க வேண்டும். சும்மா விட்டுவிடுவது மிக மோசமான முடிவு.

பலன் தெரிகிறதா என்று பார்க்க டெக்ஸா ஸ்கேன் மட்டும் போதாது. அது எலும்பின் அடர்த்தியைச் சொல்லும், மூட்டோரக் குழியைச் சொல்லாது. ஆண்டுக்கு ஒருமுறை இரு கை, இரு பாதம் எக்ஸ்-ரே எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

ஸ்டீராய்டு நீண்டநாள் எடுப்பவர், எலும்பு அடர்த்தி குறைந்தவர், அழற்சி அடங்கியும் அரிப்பு தொடர்பவர் ஆகியோருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். அடுத்த டோஸ் தேதிக்குக் கிடைக்கும் என்ற உறுதி இல்லாதவர், தொடங்குவதற்கு முன்பே வேறு மருந்து பற்றி மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது.