பி அண்ட் டபிள்யூ டோ அண்ட் ஸ்டோ: இழுக்காத நாளில் ஹிட்சை என்ன செய்வது?

அமெரிக்காவில் எந்தக் கடை வாசலில் பார்த்தாலும் பிக்கப் ட்ரக்குகள் பின்னால் ட்ரெய்லரை மாட்டி இழுக்கும் ஹிட்சை நீட்டிக்கொண்டுதான் நிற்கின்றன. ட்ரெய்லர் வீட்டில் கிடக்கும். ட்ரெய்லர் உட்காரும் பந்தைத் தாங்கும் பால் மவுண்ட் மட்டும் பம்பரைத் தாண்டி ஏழெட்டு இஞ்ச் துருத்திக்கொண்டிருக்கும். உயரமும் சரியாகக் கணைக்கால் எலும்புக்கு நேர். இருட்டில் ட்ரக்கைச் சுற்றி வருபவர் இடித்துக்கொண்டால் பந்து அசையாது, எலும்புதான் வழிவிட வேண்டும்.

ஒவ்வொரு முறையும் கழற்றச் சோம்பல்படுபவர்களை நம்பித்தான் டோ அண்ட் ஸ்டோ விற்கிறது. கான்சஸ் மாநிலம் ஹம்போல்ட்டில் இருக்கும் பி அண்ட் டபிள்யூ நிறுவனத்தின் சரக்கு. ட்ரக்கின் பின்புறச் சதுரக் குழாயான ரிசீவருக்குள் போகும் தண்டின் முனையில் துளைகளோடு ஒரு தூண். அதில் பந்துப் பகுதி ஏறி இறங்கும். இரண்டு பின்களை (குறுக்கே செருகும் கம்பிகளை) உருவி, பந்தை வண்டிக்கு அடியில் பார்த்தபடி திருப்பிப் பின்களைச் செருகினால் நீட்டல் போய்விடும். கருவி எதுவும் வேண்டாம். 2 இஞ்ச், 2-5/16 இஞ்ச் என இரண்டு பந்துகள் உள்ள மாடல்தான் பலருக்கும் தோது. படகுக்கு ஒன்று, கனமான சரக்கு ட்ரெய்லருக்கு ஒன்று. விலைதான் உறுத்தும். சாதாரண இரும்பு பால் மவுண்டைப் போலப் பல மடங்கு.

மடக்கும் வேலையை ஒழுங்காகச் செய்கிறது, அதில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் வாங்குமுன் டேப்பை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். பந்து உள்ளே திரும்பும் இடத்தில் ஸ்டெப்னி டயரோ சைலன்சர் குழாயோ இருந்தால் போட்ட காசு வீண். தூண் எப்போதும் கீழே தொங்குவதால் தேவைக்கு மேல் நீளமான மாடலை வாங்கக் கூடாது. சரிவான டிரைவ்வேயில் முதலில் தரையை உரசுவது அதுதான். கணக்கு சுலபம்: சமதளத்தில் ட்ரெய்லரை மட்டமாக நிறுத்தி, தரையிலிருந்து கப்ளரின் (பந்தின்மேல் உட்காரும் ட்ரெய்லர் முனையின்) அடிவிளிம்பு வரை அளங்கள். பிறகு தரையிலிருந்து ரிசீவர் துளையின் உள்மேற்புறம் வரை அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்களுக்கு வேண்டிய இறக்கம். சரக்கு ஏற்றியதும் ட்ரக்கின் பின்புறம் கொஞ்சம் அமுங்கும், அதற்கும் இடம் விடுங்கள். எடையைப் பிரித்துத் தாங்கும் ஸ்பிரிங் கம்பிகளை இதில் மாட்ட முடியாது. அவை தேவைப்படும் பெரிய கேம்பர் (தங்கும் வசதியுள்ள ட்ரெய்லர்) இழுப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் விளம்பரத்தில் வராது. மடக்க முடிகிறது என்பதாலேயே யாரும் இதைக் கழற்றுவதில்லை. வருடம் முழுக்க தண்டு ரிசீவருக்குள்ளேயே கிடக்கிறது. சிகாகோ, டெட்ராய்ட் பக்கம் குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு, சேற்றோடு சேர்ந்து அந்த மெல்லிய இடைவெளிக்குள் போய்விடும், வெளியே வர வழியில்லை. துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். நாலு பக்கமும் பழுப்புச் செதிலாக உப்பி, ஆப்பு அடித்த மாதிரி தண்டை இறுக்கிவிடும். தண்டை ரிசீவரோடு பிடித்திருக்கும் பின் சுலபமாக வந்துவிடும், தண்டு மட்டும் இம்மியும் நகராது. அலுமினிய பால் மவுண்டாக இருந்தால் இன்னும் மோசம்: இரும்பும் அலுமினியமும் உப்புத்தண்ணீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிபட்டு வெள்ளைப் பொடியாகப் பொருமும்.

சிக்கிக்கொண்டால் துரு இளக்கும் எண்ணெயைத் தண்டைச் சுற்றி முன்னாலும், பின்னைச் செருகும் துளை வழியாகவும் அடித்து ஓர் இரவு ஊற விடுங்கள். மறுநாள் கனமான சுத்தியலால் தண்டை இடவலமாகவும் மேல்கீழாகவும் மாற்றி மாற்றித் தட்டி, துருவை உடைத்து உருவ வேண்டும். பந்தில் பட்டையைக் கட்டி இன்னொரு வண்டியால் வெடுக்கென்று இழுப்பது வேண்டவே வேண்டாம். அந்த மாதிரி இழுப்புக்குப் பந்தைச் செய்யவில்லை. முறிந்தால் துப்பாக்கிக் குண்டுபோலப் பறக்கும். தடுப்பது இதைவிட மலிவு: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உருவி, கம்பி பிரஷ்ஷால் உள்ளே தேய்த்து, தண்டில் மெல்லிசாக ஆன்டி-சீஸ் (இரும்பு ஒட்டி இறுகாமல் தடுக்கும் பசை) தடவிச் செருகினால் போதும். இழுக்கும் சீசன் முடிந்ததும் கழற்றிக் கராஜில் வைத்துவிட்டு, ரிசீவர் வாயில் ஒரு ரப்பர் மூடியைச் செருகுங்கள்.

திருட்டு இன்னொரு கவலை. 2 இஞ்ச் ரிசீவருக்கு 5/8 இஞ்ச் பின். கிளிப் போட்ட பின்னை உருவ ஐந்து விநாடி ஆகாது. பூட்டுள்ள பின் வாங்குங்கள், சாவித்துளைக்கு மூடி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மூடி இல்லாவிட்டால் ஒரே குளிர்காலத்தில் சாவி திரும்பாது.

நம்பர் பிளேட்டை மறைக்கிறதே, போலீஸ் பிடிக்குமா என்ற கேள்விக்கு மாநிலத்துக்கு மாநிலம் பதில் வேறு. வழக்கமான முறையில் பொருத்திய ட்ரெய்லர் ஹிட்சுக்கு டெக்சஸ் சட்டம் வெளிப்படையாகவே விலக்கு தருகிறது. இல்லினாய் உச்ச நீதிமன்றம் 2015-இல் ஒரு வழக்கில், பிளேட்டோடு ஒட்டியிருக்கும் பொருளுக்குத்தான் தடை, ஹிட்சுக்கு இல்லை என்றது. ஆனால் சட்டம் தெளிவில்லாததால் போலீஸ் தவறாகப் புரிந்துகொண்டதும் நியாயமே என்று சொல்லி, வண்டியை நிறுத்தியது செல்லும் என்றும் சொல்லிவிட்டது. ஓட்டுநருக்கு அதனால் என்ன லாபம்! மடக்கி வைத்தால் இந்தத் தலைவலி பெரும்பாலும் தீரும். ரிவர்ஸ் சென்சார் ஹிட்சைக் கண்டு கத்துவதும் அநேகமாக நிற்கும்.

வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, அதுவும் வெவ்வேறு உயர ட்ரெய்லர்களை இழுப்பவர் இதைத் தாராளமாக வாங்கலாம். வருடத்தில் நாலு முறை படகை ஏரிக்குக் கொண்டுபோகிறவருக்குச் சாதாரண இரும்பு மவுண்டும் ஒரு பூட்டுப் பின்னும் போதும். அதில் பந்தை நீங்களே மாட்டுவதானால் டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) அவசியம். 1 இஞ்ச் மரை உள்ள பந்துக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு 250 பவுண்டு-அடி. கைக்கு வந்தபடி முறுக்கினால் வழியில் நட்டு தளரும். இரண்டில் எதை வாங்கினாலும் பால் மவுண்ட், பந்து, ரிசீவர் மூன்றிலும் பொறித்திருக்கும் எடையில் மிகக் குறைந்ததுதான் உங்கள் வரம்பு.

மடக்கிய பந்தில் கிரீஸ் இருந்தால் சாலை மணல் அப்படியே அப்பிக்கொள்ளும். துடைக்காமல் கப்ளரை இறக்கினால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த கதைதான். கதவுப் பையில் ஒரு பழந்துணி கிடக்கட்டும். மாட்டுமுன் துடைத்துவிட்டுப் புதுக் கிரீஸ் ஒரு விரல் தடவுங்கள்.