கஸ்தூரியார் வீதிப் பழைய படப் புத்தகக் கடை: யாருக்கு உதவும், எதை வாங்கலாம்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரம்தான். கஸ்தூரியார் வீதியில் நகைக்கடைகளைக் கடந்து ஒழுங்கைக்குள் திரும்பினால் கீழே ஒரு தையல் கடை, மேலே இந்தக் கடை. பெயர்ப் பலகை கிடையாது. தையல் கடையில் "படப் புத்தகக் கடை எது?" என்று கேட்டால் மாடிப்படியைக் காட்டுவார்கள். படி செங்குத்தானது. முழங்கால் வலி உள்ளவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய சினிமாச் சஞ்சிகை விற்கிற கடைகள் ஊரில் முன்பும் இருந்தன. கட்டுக் கட்டாகக் கிடக்கும், கிளறி எடுக்கவேண்டும். இந்தக் கடைக்காரர் எல்லாவற்றையும் ஆட்களின் பெயரில் பிரித்து வைத்திருக்கிறார். ஒரு நடிகருக்கு ஒரு காக்கி உறை. அதற்குள் அவரைப் பற்றிய சஞ்சிகைப் பக்கங்கள், படங்கள், அவர் நடித்த படங்களின் பாட்டுப் புத்தகங்கள், பத்திரிகைத் துண்டுகள் எல்லாம் பழையதிலிருந்து புதியது வரை ஒழுங்காக அடுக்கியிருக்கும். உறையின் மூலையில் வேப்பம் சருகு, இறாக்கையின் அடியில் பூச்சி உருண்டை. கை கழுவத் தண்ணீர், துடைக்கத் துவாய், இருக்க ஒரு வாங்கு. கையைக் கழுவினால் அங்கேயே இருந்து காசில்லாமல் வாசிக்கலாம்.

நான் உயர்தர வகுப்புக்கு நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். நடிகரின் வாழ்க்கை என்றால் பிள்ளைகளுக்குத் தெரிவது போனில் வருகிற வீடியோக்கள்தான். எந்த நடிகரின் பெயரைத் தேடினாலும் 'கடைசி நாட்கள்', 'கண்ணீர்க் கதை' என்றுதான் முதலில் வரும். குடி, கடன், தனிமை, மரணம். முப்பது நாற்பது வருடம் உழைத்த ஒரு மனிதரின் கடைசி ஆறு மாதத்தை வைத்துக் காசு பார்க்கிறார்கள். எனக்கு அது பொறுக்காது. இந்தக் கடை உறைகளில் ஒன்றை முதல் பக்கத்திலிருந்து ஆறுதலாகப் புரட்டினால், நடிகரின் வாழ்க்கையில் அநேகமான பக்கம் வேலைதான் என்பது கண்ணுக்குத் தெரியும்.

சாவித்திரியின் உறையைச் சொல்கிறேன். நல்ல பாரம். 1955இல் வந்த மிஸ்ஸியம்மாவில் தொடங்குகிறது. பானுமதி விலகியதால் அந்தப் பாத்திரம் இவருக்குக் கிடைத்தது என்பது பலருக்கும் தெரிந்த கதை. பிறகு மாயா பஜார், களத்தூர் கண்ணம்மா, பாசமலர் என்று பக்கங்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. 1960களின் கடைசியில் அவரே இயக்குநராகிறார். தமிழில் குழந்தை உள்ளம், 1971இல் பிராப்தம். ஒரு பெண் கதாநாயகியாக உச்சத்தில் இருந்துவிட்டு கமெராவுக்குப் பின்னால் போய் நின்றது அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய காரியம்! வீடியோக்காரர்கள் இதை 'சொந்தப் படம் எடுத்து நட்டப்பட்டார்' என்று ஒரு வசனத்தில் முடித்துவிடுவார்கள். நினைவு இழந்து ஒரு வருடத்துக்கு மேல் கிடந்து, 1981 டிசம்பர் 26இல் இறந்ததைப் பற்றிய துண்டுகள் உறையின் அடியில் இருக்கின்றன. அவற்றின் மேலே இருக்கிற கட்டின் தடிப்பைக் கையில் வைத்துப் பார்க்கவேண்டும்.

வகுப்புக்கு நான் முதலில் வாங்கியது நாகேஷின் உறை. ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர், 1959இல் தாமரைக்குளத்தில் சின்ன வேடம். 1964இல் காதலிக்க நேரமில்லையும் சர்வர் சுந்தரமும், அடுத்த வருடம் திருவிளையாடல் தருமி. இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். எனக்கு வேண்டியது உறையின் பின்பகுதி. பட வாய்ப்புக் குறைந்த காலத்துக்குப் பிறகு, 1989இல் அபூர்வ சகோதரர்களில் வில்லன். 1994இல் மகளிர் மட்டும் படத்தில் பிணம். வசனம் இல்லை, கண் திறக்கக் கூடாது, உடம்பைத் தூக்கி வைத்தால் அப்படியே இருக்கவேண்டும், அதிலும் சிரிப்பு வரவேண்டும். அதே வருடம் நம்மவர் படத்துக்குத் துணை நடிகருக்கான தேசிய விருது. உடம்பைக் கட்டுப்படுத்துவது பற்றிப் பாடம் எடுக்கும்போது அந்தப் படங்களை மேசையில் பரப்பி வைத்தேன். பிள்ளைகள் பேசாமல் பார்த்தார்கள். பிறகு ஒருவன் எழும்பிப்போய் வாங்கில் படுத்து, மற்றவர்களைத் தன்னைத் தூக்கச் சொன்னான். அன்றைக்கு மணி அடித்த பிறகும் வகுப்பு முடியவில்லை.

பெரிய நட்சத்திரங்களின் உறைகளைப் பற்றிக் கெதியாகச் சொல்லிவிடுகிறேன். எம்.ஜி.ஆர், சிவாஜி உறைகள் 3500 ரூபா. இவ்வளவு கொடுக்கத் தேவையில்லை. அவர்களைப் பற்றி வேறு எங்கும் கிடைக்காதது அதில் அதிகம் இல்லை. எம்.ஜி.ஆரின் உறையில் எனக்குப் பிடித்தது அதன் மெலிந்த முன்பகுதிதான். நாவலப்பிட்டியில் பிறந்தவர் 1936இல் சதி லீலாவதியில் சிறு வேடத்தில் தொடங்கி, ராஜகுமாரியில் கதாநாயகனாக 1947 வரை காத்திருந்தார். அந்தப் பதினொரு வருடத்துக்கு உறையில் உள்ளவை சில தாள்கள் மட்டும்.

அந்த ராஜகுமாரியில் நடித்த தவமணி தேவி யாழ்ப்பாணத்துப் பெண். இது எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. 1941இல் வந்த வனமோகினியில் காட்டுப் பெண்ணாக அவர் போட்ட உடுப்பு அந்தக் காலத்துத் தமிழ்ப் படத்துக்குப் பெரிய துணிச்சல். நடிப்போடு பாட்டும் வரும். பிறகு திரையை விட்டு விலகி ராமேஸ்வரத்தில் குடும்பமாக வாழ்ந்து, 2001இல் அங்கேயே காலமானார். கடலுக்கு இந்தப் பக்கம் பிறந்து அந்தப் பக்கம் போன அவருடைய உறை மிகச் சிறியது. எழுநூறு ரூபா. என்னைக் கேட்டால் இந்தக் கடையில் முதலில் வாங்கவேண்டியது அதுதான். வனமோகினியின் பாட்டுப் புத்தகப் பிரதி ஒன்று உள்ளே இருக்கிறது.

பாட்டுப் புத்தகங்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பழைய ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை. இடைவேளையில் விற்பார்கள், கதைச் சுருக்கம் போட்டு 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நிறுத்துவார்கள். அவற்றில் நடிகர் பட்டியல் முழுமையாக இருக்கும். வேலைக்காரனாக, தோழியாக, ஊர்ப் பெரியவராக ஒரு காட்சியில் வந்து போனவர்களின் பெயரும் அதில் அச்சாகியிருக்கும். சஞ்சிகை ஒருநாளும் பேட்டி எடுக்காத அந்த நடிகர்களுக்கு அந்தத் தாள்தான் பதிவு. கடையில் ஒரு பாட்டுப் புத்தகத்தின் மூலையில் யாரோ பென்சிலால் 'வின்சர், மாலைக் காட்சி' என்று எழுதியிருந்தார்கள். அதே கையெழுத்து வேறொன்றில் 'ராணி', இன்னொன்றில் 'மனோகரா'. மூன்றும் யாழ்ப்பாணத்துத் தியேட்டர்களின் பெயர்கள். ஒவ்வொன்றிலும் நடிகர் பட்டியலில் ஏதோ ஒரு சின்ன நடிகரின் பெயருக்குக் கீழே கோடு. தனித் தனியாக வாங்கினால் 250 ரூபா.

இனி இலங்கை நடிகர்களின் இறாக்கை. கடையின் உள்ளறையில், யன்னலுக்குக் கீழே. கேட்டால்தான் காட்டுவார், ஏனென்றால் அநேகமானவர்கள் கேட்பதில்லை. அங்கே ருக்மணி தேவியின் உறை இருக்கிறது. சிங்களத் திரையின் முதல் பெரிய நட்சத்திரம் தமிழ் வழி வந்த பெண், இயற்பெயரில் ராசம்மா என்ற பெயரும் உண்டு. சிங்களத்தின் முதல் பேசும் படமான கடவுனு பொறொந்துவவை 1947இல் நாயகம் என்ற தமிழர் மதுரையில் உள்ள ஸ்ரூடியோவில் எடுத்தார். அதில் கதாநாயகி இவர். 1978இல் வாகன விபத்தில் இறந்தார். சிங்களப் பத்திரிகைத் துண்டுகளுக்குப் பின்னால் கடைக்காரர் தமிழில் சுருக்கம் எழுதி வைத்திருக்கிறார். அந்த உழைப்புக்கு நான் எழும்பி நின்று வணக்கம் சொல்லுவேன்.

ஏ.ஈ. மனோகரனின் உறையில் பொப் பாடகராக வந்த படங்கள்தான் கூட. ஆனால் அவர் நடிகரும்தான். செங்கை ஆழியானின் நாவலை வைத்து 1978இல் எடுத்த வாடைக்காற்றில் நடித்தார், பிறகு சென்னைக்குப் போய்ப் படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்து 2018இல் காலமானார். அதே வாடைக்காற்றில் கே.எஸ். பாலச்சந்திரன். 'அண்ணை ரைட்' என்று தனி ஆளாக மேடையில் நின்று ஒரு பஸ் முழுக்கச் சனத்தைக் கொண்டுவந்த மனிதர். கரவெட்டியில் பிறந்து கனடாவில் 2014இல் கண்மூடினார். பாலச்சந்திரனின் உறை சின்னதாக இருப்பது எனக்கு மனவருத்தம். வானொலியும் மேடையும் தாளில் அதிகம் தங்குவதில்லை. 1972இல் வந்த குத்துவிளக்கு, 1977இல் வந்த பொன்மணி போன்ற எங்கள் மண்ணில் எடுத்த படங்களின் துண்டுப் பிரசுரங்களும் இங்கே உண்டு. இலங்கைத் தமிழ்ப் படச்சுருள்கள் பல 1983 கலவரத்தோடு அழிந்துபோன பிறகு, யார் யார் நடித்தார்கள் என்பதற்கு இந்தத் தாள்கள் பெரிய சாட்சி.

நடிகமணி வி.வி. வைரமுத்துவின் உறையில் சினிமா எதுவும் இல்லை. காங்கேசன்துறை மனிதர், அரிச்சந்திர மயான காண்டத்தை விடிய விடியப் பாடி நடித்தவர். கோயில் திருவிழா நோட்டீஸ்கள் அதில் இருக்கின்றன. ஒரு நோட்டீஸ் ரோஸ் நிறத் தாள், மடித்த இடத்தில் கிழிந்து, பின்பக்கத்தில் அரிசிப் பசை ஒட்டிய தடம். எங்கோ சுவரில் ஒட்டியிருந்ததை ஈரமாக்கி உரித்திருக்கிறார்கள். சினிமாக் கடைக்காரர் ஒருவர் இசை நாடகக் கலைஞரையும் இதே இறாக்கையில் வைத்திருப்பது சரியான காரியம்.

இனிக் குறை. பெரிய குறை. உறை நிரப்புவதற்காக முழுச் சஞ்சிகைகளை வெட்டுகிறார்கள். 1942இல் தொடங்கிய பேசும் படத்தின் பழைய இதழ்களும், 1966இல் தொடங்கிய பொம்மையின் ஆரம்ப இதழ்களும் இங்கே வெட்டுப்பட்டுக் கிடப்பதைப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் சாவித்திரி என்றால் மறுபக்கத்தில் யாரோ ஒரு துணை நடிகர். வெட்டினால் ஒருவர் பாதி முகத்தோடு போகிறார். பக்கத்தின் மேலே இருக்கிற மாதமும் வருடமும் கத்தரிக்கோலில் போய்விடுகின்றன. திகதி இல்லாத துண்டை வைத்து ஆராய்ச்சி செய்ய முடியாது. இதைக் கடைக்காரரிடம் நேரே சொன்னேன்.

"சனம் முழுப் புத்தகம் வாங்காது ரீச்சர், தங்கட ஆளின்ர பக்கத்தைத்தான் கேக்குது" என்றார்.

"அப்ப கொப்பி எடுத்து உறையில வையுங்கோ அண்ணை. புத்தகத்தை முழுசா விடுங்கோ" என்றேன்.

யோசித்துப் பார்ப்பதாகச் சொன்னார். இப்போது புதிதாக வருகிற துண்டுகளின் பின்னால் இதழின் பெயரையும் மாதத்தையும் பென்சிலால் எழுதுகிறார். வெட்டுவது இன்னும் நிற்கவில்லை. ஊரில் நூல்களை ஆவணப்படுத்துகிறவர்கள் யாராவது ஒருமுறை வந்து, மிஞ்சியிருக்கிற முழு இதழ்களை ஸ்கான் செய்தால் பெரிய புண்ணியம். நூலகம் எரிந்த ஊரில் தாளை வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு மனம் வரவில்லை.

புதிய நடிகர்களின் பகுதியில் ஒன்றும் எதிர்பார்க்காதீர்கள். அல்லைப்பிட்டியில் பிறந்த அன்ரனிதாசன் யேசுதாசன், எழுத்தில் ஷோபாசக்தி, கதாநாயகனாக நடித்த தீபன் 2015இல் கான் விழாவில் தங்கப் பனை விருது வாங்கியது. அவருடைய உறையில் இருப்பது இணையத்திலிருந்து அச்செடுத்த சில தாள்கள். பிக் பாஸ் வழியாக அறிமுகமான லொஸ்லியா, ஜனனி பெயரில் உறைகள் இருக்கின்றன, உள்ளே தாள் இல்லை. சஞ்சிகைகள் நின்றுபோன பிறகு வந்தவர்களைப் பற்றி இந்தக் கடையால் என்ன செய்ய முடியும்?

மற்ற விலைகள்: குணச்சித்திர, நகைச்சுவை நடிகர்களின் உறைகள் 600 முதல் 1200 ரூபா வரை. போட்டோக் கொப்பி ஒரு பக்கம் 20 ரூபா. போனில் ஓரிரண்டு பக்கம் படம் எடுக்க விடுவார், முழு உறையையும் எடுக்க விடமாட்டார், அது நியாயம். பேரம் பேசலாம், மாணவர்கள் என்றால் தானாகவே குறைப்பார். இலங்கை இறாக்கையில் உள்ளவற்றை விற்கமாட்டார், கொப்பி மட்டும்தான். வீட்டில் பழைய நாடக நோட்டீஸ், உள்ளூர்ப் படங்களின் விளம்பரம் ஏதும் இருந்தால் கொண்டுபோய்க் கொடுங்கள், கொப்பி எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பித் தருவார். மதியச் சாப்பாட்டுக்குப் பூட்டினால் மூன்று மணிக்குத்தான் திறப்பார். மாரி காலத்தில் உள்ளறை உறைகளை வெளியே எடுக்கமாட்டார், ஆகையால் இலங்கை இறாக்கை பார்க்கிற எண்ணம் இருந்தால் ஐப்பசிக்கு முன்னம் போங்கள்.